சாகவேண்டிய ரோசா

19.01.2025 ஞாயிறு

மழை விட்டாயிற்று. முற்றம் மறுபடியும் வெள்ளையாகக் காய்ந்து கண்ணைக் கூசவைக்கிறது. யாழ்ப்பாணத்தில், எங்கள் உரும்பிராயில், இந்த நேரம் வெளியே இறங்கினால் செம்மண் செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும். இங்கே நெடுந்தீவில் சுண்ணாம்புக் கல். செருப்புத்தான் தேயும்.

இன்று கோபிகாவோடு சண்டை. பெரிய சண்டை இல்லை, கோப்பை ஒன்றும் உடையவில்லை. சுவிசில் இருக்கும் அவளுடைய மச்சாள் தன் வீட்டு வாசல் பூந்தோட்டத்தைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறாள். பார்த்த உடனே இவளுக்கும் வாசலில் பூக்கண்டு வேண்டுமாம்.

"தோட்டக்காரன்ட மகன் எண்டு கலியாணத்துக்கு முதல் என்ன புழுகு புழுகினனீங்கள்? வந்து ரெண்டு வருசம். முத்தத்தில ஒரு புல்லும் நடேல்லை."

"இந்தத் தீவில பனையும் காட்டுக் குதிரையும் உம்மட அம்மாவும் மட்டும்தான் தாக்குப்பிடிக்கும்" என்றேன்.

அம்மா, அதாவது என் மாமி சறோஜினிதேவி, குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். துருவுகிற சத்தம் நின்றது. செத்தேன் என்று நினைத்தேன். பிறகு சத்தம் மறுபடி தொடங்கியது, கொஞ்சம் வேகமாக.

இது கோபிகாவின் சீதன வீடு. பெண்ணுக்கு வீடு கொடுத்தால் மாப்பிள்ளைதான் போய் ஏறவேண்டும், எங்கள் ஆட்களின் வழக்கம் அது. வீடு எந்தத் தீவில் இருக்கிறது, கடலில் எவ்வளவு நேரம் ஆடவேண்டும் என்பதையெல்லாம் அப்போதே விசாரித்திருக்க வேண்டும். நான் பெண்ணை மட்டும் பார்த்தேன்.

சண்டை கடைசியில் வழக்கமான இடத்துக்கு வந்தது: மாற்றம். நான் இந்த அரசாங்கக் கந்தோரில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் எடுக்கவேண்டும் என்கிறேன். மாமி தீவை விட்டு வரமாட்டார். கோபிகா மாமியை விட்டு வரமாட்டாள். நான் கோபிகாவை விட்டுப் போகமாட்டேன். அப்போதுதான் அவள் பந்தயம் கட்டினாள்.

"நீங்களே கண்டைத் தெரிவு செய்யுங்கோ, நீங்களே நடுங்கோ. கண்டுக்கு ஒரு செம்பு நல்ல தண்ணி நாளுக்கு. ஆடிப்பிறப்பண்டு ஒண்டாவது உயிரோட நிண்டா இனி மாற்றக் கதை இந்த வீட்டில எடுக்கப்படாது. எல்லாம் செத்தா நான் உங்களோட யாழ்ப்பாணம் வாறன்."

என்னையே தெரிவு செய்யச் சொல்லிவிட்டாள்! பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற ஆட்களுக்குச் சூது தெரியாது. மாமி ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததுதான் மாமியின் வழமையான கருத்து.

25.01.2025 சனி

உரும்பிராயில் தங்கச்சி நிருஜா வீட்டில் இருந்து எழுதுகிறேன். காலையில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கண்டுக் கடைக்குப் போய் நேராகவே கேட்டேன்.

"அண்ணை, கெதியாச் சாகிற கண்டு என்ன வச்சிருக்கிறியள்?"

கடைக்காரர் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "எல்லாரும் சாகாததைத்தான் தம்பி கேக்கிறவை. ஆற்ற வீட்டுக்கு?"

"மாமி வீட்டுக்கு."

"ஓ" என்றார். அந்த ஓவில் ஒரு அனுதாபம் இருந்தது. "எந்த ஊர்?"

"நெடுந்தீவு."

"அப்ப ஏன் தேடுறீர்? கண்ணை மூடிக்கொண்டு எதையும் தூக்கும்."

ஆனாலும் கவனமாகவே தெரிந்தெடுத்தேன். நுவரெலியாவில் இருந்து வந்த ஒன்று, நீலக் கொத்துக் கொத்தாகப் பூக்குமாம், பெயர் வாயில் நுழையவில்லை. குளிர் இல்லாவிட்டால் செத்துவிடும். அடுத்தது அந்தூரியம். நிழலும் ஈரமும் கேட்கிற சீமாட்டி. மூன்றாவது ரோசா, அடுக்கு ரோசா, வெளிர் சிவப்பு. உப்புக் காற்று பட்ட அன்றே தலை குனியும்.

ரோசா ஒட்டுக் கண்டு. கீழே காட்டு ரோசாவின் வேரும் தண்டும், அதிலே நல்ல ரோசாவின் அரும்பை ஒட்டி வளர்த்தது. நான் பத்துக் கண்டைத் தூக்கித் தூக்கிப் பார்த்து ஒட்டு நன்றாகப் பிடித்த கண்டாக எடுத்தேன். சாகப்போகிற கண்டுக்கு ஒட்டு எப்படி இருந்தால் எனக்கென்ன? எங்கள் வீட்டில் கண்டு வாங்குவது அப்படித்தான். கை பழகிப்போய்விட்டது.

26.01.2025 ஞாயிறு

குறிகட்டுவான் துறையில் வள்ளம் ஏறும்போதே தொடங்கிவிட்டது. மூன்று சாடியோடு ஒருவன் ஏறினால் வள்ளம் முழுக்க அவனுடைய சொந்தக்காரர்.

"ரோசாவோ தம்பி? குதிரை தின்னும்."

"குதிரை தின்ன முதல் காத்து தின்னும்."

"ஆர், எங்கட சறோவின்ர மருமோனோ? உரும்பிராய்ப் பொடியன் எல்லே, அவருக்கு வளக்கத் தெரியும்."

கடைசியாகச் சொன்ன ஆச்சியை எனக்குப் பிடித்துப்போயிற்று. அதுதான் வினை. நடுக்கடலில் அலை அடித்துச் சாரல் உள்ளே வந்தது. மற்றவர்கள் எல்லோரும் தங்கள் தலையை மூடினார்கள். நான் குடையை விரித்து ரோசாவுக்குப் பிடித்துக்கொண்டு நனைந்துபோய் இருந்தேன்.

ஏன் பிடித்தேன்? உப்புத் தண்ணீர் படட்டும் என்று விட்டிருந்தால் பாதி வேலை அங்கேயே முடிந்திருக்கும்.

28.01.2025 செவ்வாய்

நட்டாயிற்று. நட்டேன் என்று எழுதுவதே புழுகு. அலவாங்கால் பாறையை உடைத்துக் குழி எடுத்தேன். ஒரு சாண் போகமுதல் பொறி பறந்தது. மதிலுக்கு அந்தப் பக்கத்தில் இருந்து வல்லிபுரம் அண்ணை எட்டிப் பார்த்தார். பக்கத்து வீடு, ஆடு வளர்க்கிறவர், வாய் சும்மா இராத மனிசன்.

"என்ன தம்பி, கிணறோ கிண்டுறீர்?"

16.02.2025 ஞாயிறு

நுவரெலியா செத்தது. வெற்றி ஒன்று!

சந்தோசமாகப் பிடுங்கி மதிலுக்கு வெளியே போட்டேன். வல்லிபுரம் அண்ணை அதைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"உரும்பிராய்க் கை எண்டு சொன்னவை" என்றார். அவ்வளவுதான். ஆட்டைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

பின்னேரம் கடையில் இரண்டு பேர் கேட்டார்கள்: "கண்டு பட்டுப்போச்சாம்?" இழவு விசாரிக்கிற குரல். அது குளிர்தேசத்துக் கண்டு என்று விளங்கப்படுத்தினேன். "ஓமோம்" என்று தலையாட்டினார்கள். நோயாளிக்குத் தலையாட்டுகிற மாதிரி. எங்கள் அப்பா ஒரு பரப்புக் காணியில் விளைவித்த வெங்காயத்தைப் பார்க்கக் கொழும்பில் இருந்து ஆட்கள் வந்தார்கள். அவருடைய மகனுக்கு ஒரு கண்டு வளர்க்கத் தெரியாதாம். இவங்கள் சொல்லுறாங்கள். பனங்கொட்டை போட்டாத் தானா முளைக்கிற ஊரில இருந்துகொண்டு!

18.02.2025 செவ்வாய்

வல்லிபுரம் அண்ணையிடமே ஒரு பை ஆட்டெரு வாங்கினேன். மண் கொஞ்சம் மாமியின் முருங்கையடியில் எடுத்தேன்.

எருப் போடக்கூடாது என்று பந்தயத்தில் இல்லை. போட்டாலும் சாகத்தான் போகிறது. மரியாதையாகச் சாகட்டும்.

23.03.2025 ஞாயிறு

அந்தூரியத்துக்குக் கிடுகால் சின்னக் கொட்டில் போட்டேன். கோபிகா வாசற்படியில் நின்று பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, நீங்கள் ஆற்ற பக்கம்?"

"கண்டுக்கு வெயில் பட்டாப் பாவம்" என்றேன்.

"எனக்கு வெயில் பட்டா?" என்று கேட்டாள். குடை இல்லாமல் பள்ளிக்கூடம் போய் வருகிறாளாம். அந்தக் குடை எங்கே என்று பார்த்தால் ரோசாவுக்கு மேலே கட்டியிருக்கிறது.

14.04.2025 திங்கள்

வருசப்பிறப்பு. ரோசா ஒரு பூ பூத்தது.

எழுதவே கூச்சமாக இருக்கிறது. விடியவே எழும்பி அதற்கு முன்னால் குந்திக்கொண்டிருந்தேன். உள்ளங்கை அளவு. நிருஜாவுக்குப் படம் அனுப்பினேன். கடைச் சந்திக்கு நாலு தரம் காரணமில்லாமல் போய்வந்தேன், யாராவது விசாரிப்பார்கள் என்று. பாழ்பட்டவங்கள், இன்று ஒருவனும் கேட்கவில்லை.

மாமி மட்டும் பூவை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்தார். என்னவோ யோசனை.

11.05.2025 ஞாயிறு

மகா கொடுமை. படலையைச் சாத்த மறந்தது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். காலையில் பல் விளக்கிக்கொண்டு வந்தால் முற்றத்தில் ஒரு குதிரை. கிடுகுக் கொட்டிலைத் தலையில் தொப்பி மாதிரிப் போட்டுக்கொண்டு நிற்கிறது. வாயில் அந்தூரியத்தின் கடைசித் தண்டு.

விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு துரத்தினேன். சாரம், பற்பசை நுரை, விளக்குமாறு. குதிரை சந்தி வரைக்கும் போய்த் திரும்பி என்னைப் பார்த்து நின்றது. அங்கே எங்கள் கந்தோர்ப் பெரியவர் மோட்டார்சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"அனோஜன், அது பாதுகாக்கப்பட்ட மிருகம்."

"அந்தூரியத்தை ஆர் சேர் பாதுகாக்கிறது?"

அவர் மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். இரண்டு முடிந்தது, இன்னும் ஒன்றுதான். நான் அல்லவா வென்றுகொண்டிருக்கிறேன்? பிறகு ஏன் கிடுகைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருக்கிறேன்?

01.06.2025 ஞாயிறு

சோளகம் பிடித்துவிட்டது. இரவு பகல் இல்லாமல் தென்மேற்கில் இருந்து உப்புக் காற்று. கதவு நிலை, கதிரை, அலுமாரி எல்லாம் பிசுபிசுக்கிறது. ரோசாவின் இலை விளிம்பு கருகுகிறது. சாக்கைக் கட்டிப் பார்த்தேன். அதன் செம்புத் தண்ணீரோடு முகம் கழுவுகிற நல்ல தண்ணீரையும் சேர்த்து ஊற்றுகிறேன். முகத்தைக் குளிக்கிற கிணற்றின் உவர்த் தண்ணீரில் கழுவினால் போகிறது. என்ன, முகம் பூக்கவா போகிறது?

05.06.2025 வியாழன்

மண் மேலே வெள்ளை படிந்திருக்கிறது. நக்கிப் பார்த்தேன். உப்பு.

காற்று இப்படி ஒரே இடத்தில் வட்டமாக உப்புக் கொண்டுவந்து கொட்டாது. யாரோ உவர்த் தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஆர்? வல்லிபுரம் அண்ணையோ? ஆட்டெருவுக்கு விலை பேசினேன் என்று கோபமோ? பச்சைப் பிள்ளைக்கு நஞ்சு வைக்கிற வேலை எல்லோ இது!

08.06.2025 ஞாயிறு

விடியப்புறம் யன்னலோடு நின்று பார்த்தேன். குளிக்கிற கிணற்றடியில் இருந்து வாளியோடு ஒரு ஆள் வந்தது. வல்லிபுரம் அண்ணை இல்லை. மாமி.

"மாமி!"

வாளியைக் கீழே வைத்தார். ஓடவில்லை, ஒளிக்கவில்லை. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தார்.

"தம்பி, கத்தாதேங்கோ. கோபி எழும்பப்போறாள்."

"என்ர ரோசாவுக்கு உவர்த் தண்ணி ஊத்துறியளோ?"

"ஓம்."

"ஏன் மாமி? நான் உங்களுக்கு என்ன செய்தனான்?"

இரண்டு வருசத்தில் மாமி என்னோடு தொடர்ந்து இவ்வளவு பேசியதில்லை. அப்படியே எழுதி வைக்கிறேன்.

"நீங்கள் ஒவ்வொரு முறையும் உரும்பிராயால வந்து வள்ளத்தால இறங்கேக்க நான் பாக்கிறனான். செத்த வீட்டுக்கு வந்த ஆள் மாதிரி இருக்கும் முகம். பெத்த பிள்ளையெண்டால் விடுவனோ? இது பூத்ததைக் கண்டவுடன எனக்குப் பயம் பிடிச்சிட்டுது. இது நிண்டா நீங்கள் ஆயுளுக்கும் இஞ்சைதான். நீங்கள் ரெண்டு பேரும் போங்கோ. எனக்கு முருங்கை இருக்கு, ரீவி இருக்கு. நான் இருப்பன்."

பந்தயம் கட்டிய அன்று, மாமி தனியே என்ன செய்வார் என்று கோபிகாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. குசினிக்குள் இருந்து அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வந்த அழுகையில் வாயில் வந்தது இதுதான்:

"அதுக்கு ரோசாவையோ மாமி கொல்லுறது!"

மாமி சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. "நீங்கள் அதைச் சாகடிக்கத்தானே தம்பி வாங்கி வந்தனீங்கள்?" என்றார்.

அதுவும் சரிதான்.

22.06.2025 ஞாயிறு

நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைக் கழுவிப் பார்த்தோம், நானும் மாமியும். தன் பங்குக் குடத்தில் இருந்து கொண்டுவந்து ஊற்றினார். பிந்திவிட்டது. மேல் தண்டு கறுத்துக்கொண்டு வருகிறது.

29.06.2025 ஞாயிறு

ரோசா செத்தது. நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தேன். மண்ணிறம்.

நான் வென்றுவிட்டேன். கோபிகா பிள்ளைகளின் கொப்பிகள் திருத்திக்கொண்டிருக்கிறாள். திருத்துகிறாளா என்பதும் சந்தேகம், பேனை அசையவில்லை. நானும் இரவு சாப்பிடவில்லை. வென்ற வீடு மாதிரி இல்லை இது.

ஆடிப்பிறப்பு வரைக்கும் இருக்கட்டும், பிடுங்கவில்லை.

13.07.2025 ஞாயிறு

அடியில் ஒரு துளிர்! விரல் நீளம், இளம் பச்சை.

குப்புறப் படுத்துப் பார்த்தேன். சந்தோசம் அரை நிமிசம்தான். துளிர் ஒட்டுக்குக் கீழே இருந்து வருகிறது. இலைக் காம்பு ஒன்றில் ஏழு இலை. நான் வாங்கிய ரோசாவுக்கு ஐந்து. இது அடிக்கண்டு, காட்டு ரோசா. நான் நட்டது மேலே கறுத்துச் செத்து நிற்கிறது. செத்ததைச் சுமந்துகொண்டு நின்ற வேர் இந்த உப்பு, இந்தக் கல், எல்லாவற்றையும் குடித்துவிட்டுத் தன் பாட்டுக்கு முளைக்கிறது.

கோபிகாவுக்கு இது தெரியாது. சொல்வதா?

17.07.2025 வியாழன்

ஆடிப்பிறப்பு. மாமி கூழ் காய்ச்சிக் கொழுக்கட்டை அவித்தார். கூழ் வாங்க வந்த வல்லிபுரம் அண்ணையைக் கோபிகா நடுவராக்கினாள். நாலு பேரும் முற்றத்தில்.

"மேல் செத்துப்போச்சு" என்றார் வல்லிபுரம் அண்ணை. "கீழ ஒண்டு வருகுது. தம்பி, நீர் தோட்டக்காரன்ட மகன். இது அந்தக் கண்டுதானோ?"

கோபிகா என்னைப் பார்த்தாள். ஒரு மாதமாகச் சிரிக்காத முகம். மாமி கூழ்ச் சட்டிக்குள் அகப்பையை விட்டுக் கிளறிக்கொண்டே இருந்தார், கிளறத் தேவையே இல்லை. ஒரு சொல் போதும். இது வேறை கண்டு, காட்டுக்கண்டு, ஒட்டுக்குக் கீழ் வந்தது என்று சொன்னால் வருசக் கடைசியில் உரும்பிராய். செம்மண். மூன்று மணித்தியாலத்துக்கு ஒருதரம் வள்ளத்தை நினைக்காத வாழ்க்கை.

"ஓம்" என்றேன். "அதே கண்டுதான். ரோசா அப்பிடித்தான், அடியால வெடிக்கும்."

கோபிகா ஊர் கேட்கக் கத்தினாள். வல்லிபுரம் அண்ணை, "உரும்பிராய்க் கை எண்டால் சும்மாவோ" என்றார், மனிசன் கூச்சமில்லாமல். மாமி எனக்கு ஊற்றின கூழில் தேங்காய்ச் சொட்டைவிடக் கொழுக்கட்டைதான் அதிகம் மிதந்தது.

இரவு படுக்கையில் ஒரு குறுக்கு யோசனை. மாற்றத்துக்கு விண்ணப்பிக்கிற கடைசி நாள் ஆகஸ்ட் பதினைந்து. கோபிகாவுக்குச் சொல்லாமல் ஒன்று போட்டு வைத்தால் என்ன? கிடைத்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

21.07.2025 திங்கள்

"எப்ப பூக்கும்?" என்று கோபிகா கேட்டாள். நேற்றும் கேட்டாள். பூத்தாலும் சின்னக் காட்டுப்பூதான், உள்ளங்கை அளவு பூவுக்கு இந்த அடிக்கண்டில் வழியே இல்லை. ஒரு பொய்க்கு எத்தனை வருசம் தண்ணீர் ஊற்றுவது?

27.07.2025 ஞாயிறு

நிருஜா வீட்டுக் கிணற்றடியில் எங்கள் அடுக்கு ரோசா நிற்கிறது. அதே வெளிர் சிவப்பு. ஒரு கொப்பை வெட்டி ஈரத் துணியில் சுற்றி வள்ளத்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கோபிகா ரியூசன் வகுப்புக்குப் போன நேரம் மாமியைக் கூப்பிட்டேன்.

"மாமி, ஒரு கை பிடிக்கவேணும்."

சவர பிளேட்டால் அடிக்கண்டின் பட்டையைக் கீறி, அரும்பைச் செருகி, பிளாஸ்ரிக் நாடாவால் சுற்றினேன். நாடாவின் மற்ற நுனியை மாமி பிடித்துக்கொண்டார்.

"அண்டைக்கே எனக்குத் தெரியும் தம்பி" என்றார். "இலை வேறை."

"ஏன் மாமி சொல்லேல்லை?"

"நீங்களும்தானே சொல்லேல்லை."

படலைச் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் வாளியைத் தேடுகிறவர்கள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் போனோம்.

18.08.2025 திங்கள்

காலையில் நாடாவை அவிழ்த்துப் பார்த்தேன். அரும்பு கறுக்கவில்லை. பச்சை. நுனி சிவந்து தடித்திருக்கிறது.

கந்தோரில் சுதன் கேட்டான்: "என்ன அண்ணை, மாற்றத்துக்குப் போடேல்லையோ? வெள்ளிக்கிழமையோட முடிஞ்சுது."

வெள்ளிக்கிழமை நான் எங்கே போனேன் என்று யோசித்துப் பார்த்தேன். அரை நாள் லீவு போட்டுவிட்டு, ரோசாவுக்குச் சோளகம் படாமல் கிடுகு கட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.